அத்தை முடுக்கிய போல்ட்டு

என் தம்பி பிறந்த கதையை அவனிடம் கேட்டால், "டிரைவர் பெரிய கெட்டிக்காரர், நடுவழியில் நின்ற காரை ஒரு நொடியில் சரிசெய்து அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்" என்பான். பெண் கொடுத்த சம்பந்தி வீட்டில்கூட அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறான். அவனுக்கென்ன தெரியும்? அவன் அப்போது வயிற்றுக்குள் இருந்தான். வெளியே நின்று கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் ஆண்பிள்ளை சொல்வதற்கு இருக்கிற மரியாதை அக்காள் சொல்வதற்கு எங்கே இருக்கிறது? அதனால்தான் இப்போது எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர் விராலிமலைக்குப் பக்கத்தில். பெட்ரோல் கிடைக்காததால் புதுக்கோட்டை பஸ் கரியில் ஓடியது. பின்புறம் ஓர் அடுப்பைச் சுமந்துகொண்டு வரும். மேடு கண்டால் நின்றுவிடும். ஆட்கள் இறங்கித் தள்ளினால் மனம் இரங்கி நகரும். வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. அதை நம்பிப் பிள்ளைத்தாச்சியை அனுப்ப யாருக்கும் துணிச்சல் வராது.

எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு பிள்ளை வீட்டிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. அதிலிருந்து அப்பா ஒரே பிடிவாதமாக இருந்தார். அடுத்த பிரசவம் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில்தான், வலி எடுத்ததும் காரில்தான் போவது என்று முடிவு செய்து, விராலிமலையில் வாடகைக் கார் வைத்திருந்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். துணிக்கூரை போட்ட பழைய கார், ரேஷனில் கிடைக்கிற கொஞ்சம் பெட்ரோலில் ஓடுவது. சொந்தக்காரர், டிரைவர், மெக்கானிக்கு எல்லாம் அவர் ஒருவரே. காரை 'அவ' என்றுதான் சொல்வார். "அவளுக்குக் கோபம் வராம பாத்துக்கிட்டா மலையே ஏறுவா ஐயா" என்று பெருமை பேசுவார்.

எங்களோடு அத்தை இருந்தார், அப்பாவின் அக்கா. கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவர். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, வெறும் கை. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அத்தை அப்படித்தான் இருந்தார். அதனால் சிலருக்கு மூக்கு நீளமாக இருப்பதுபோல அத்தைக்கு அப்படி அமைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து யாராவது நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் அத்தை கொல்லைப்புறம் போய்விடுவார். போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வா என்றும் சொல்ல மாட்டார்கள். கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் வைக்கப் போகிறார் என்பது என் எண்ணம்.

அம்மாவுக்கு வலி எடுத்தது, எதிர்பார்த்த நாளுக்கு வெகு முன்னாலேயே. வளைகாப்பு முடிந்து அதிக நாளாகவில்லை. இரண்டு கைகளிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல்கள். கார் வாசலில் வந்து நின்றதும் அத்தை வழக்கம்போலக் கொல்லைப்பக்கம் நகர்ந்தார். அம்மா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"மதினி எங்கே? மதினி வந்தாத்தான் நான் ஏறுவேன்."

வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டுக்காரி முகத்தைச் சுளித்து, "நல்ல காரியத்துக்குப் போகையில அவங்க எதுக்குத்தா..." என்று இழுத்தாள்.

"ஆபத்துக்குப் பாவமில்லை. கூப்பிடுங்க அவங்கள" என்றார் அம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் பக்கத்து வீட்டுக்காரி ஒதுங்கி நின்றாள்.

அத்தை ஒரு செம்பு தண்ணீரும் முந்தானையில் முடிந்த வெல்லக்கட்டியுமாக வந்து, யார் கண்ணிலும் படாதபடி குனிந்து ஏறி, அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டார். என்னை யாரும் கூப்பிடவில்லை. காரில் ஏற இப்படியொரு சந்தர்ப்பத்தை நழுவவிட நான் என்ன பைத்தியமா? முன்னால் அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அந்த அவசரத்தில் என்னை இறக்கிவிட அவருக்குத் தோன்றவில்லை.

இலுப்பூர் தாண்டினோம். அன்னவாசல் தாண்டினோம். சித்தன்னவாசல் மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தபோது காருக்குள் படபடவென்று ஒரு சத்தம் கிளம்பியது, வெடிக்கட்டைக் கொளுத்திப் போட்டதுபோல. நான் கைதட்டினேன். அடுத்த நிமிஷம் காலடிப் பலகை இடுக்கு வழியாகப் புகை ஏறியது. அம்மா இருமினார், பிறகு இருமக்கூடத் தெம்பில்லாமல் தலையைச் சாய்த்துவிட்டார். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி முன்மூடியைத் தூக்கினார்.

என்ன கோளாறு என்பது எனக்குப் பிற்பாடு கார்களோடு பழகிய வீட்டில் வாழ்க்கைப்பட்டபோதுதான் நன்றாகப் புரிந்தது. எஞ்சினுக்குள் எரிந்த புகையெல்லாம் அதன் விலாவில் பொருத்தியிருக்கும் ஓர் இரும்புக் குழாயில் சேர்ந்து, அடிவழியாகப் போய் வாலில் வெளியேற வேண்டும். அந்தக் குழாயை எஞ்சினோடு இறுக்கிப் பிடித்திருப்பவை சில போல்ட்டுகள். அவற்றில் கடைசி இரண்டு, நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்துத் தகரச் சுவரை ஒட்டி, ஸ்டியரிங் தண்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை. ரோட்டின் ஆட்டத்தில் இரண்டும் கழன்று விழுந்துவிட்டன. வாலுக்குப் போக வேண்டிய புகை எங்களைத் தேடி வந்துவிட்டது.

"சத்தந்தானே போடுது? அப்படியே மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிரலாமே" என்றார் அப்பா.

"ஆகாதுங்க ஐயா. இந்தப் புகை மூச்சுல ஏறினா நம்மளே சுருண்டு விழுந்துருவோம். பிள்ளைத்தாச்சி தாங்குவாங்களா? நெருப்பு வேற பெட்ரோல் குழாய்ப் பக்கமா நாக்கை நீட்டுது."

அம்மாவை இறக்கிப் புளியமரத்து நிழலில் படுக்கவைத்தார்கள். அத்தை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு விசிறினார். நடந்து போகவும் முடியாது, வேறு வண்டி வருமென்ற நம்பிக்கையும் கிடையாது. அழாமலே போன அந்தப் பிள்ளையைப் போல இந்தப் பிள்ளையும் ஆகிவிடுமோ என்று அப்பாவுக்குப் பயம். செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு எஞ்சினைக் குளிர்விக்க ஓடினார். டிரைவர் குறுக்கே பாய்ந்து, "அடக் கடவுளே, தண்ணிய ஊத்தினா காய்ஞ்ச இரும்பு விண்டு போயிரும்ங்க! பிறகு போல்ட்டு இருந்தும் பிரயோசனம் இல்ல" என்று செம்பைப் பிடுங்கிக்கொண்டார். அப்பா அந்தத் தண்ணீரைத் தம் தலையில் ஊற்றிக்கொண்டார்.

டிரைவரின் தகர டப்பாவில் மாற்றுப் போல்ட்டுகள் இருந்தன. ஸ்பேனர் இருந்தது. இல்லாதது கை நுழைய இடம். போல்ட்டை ஓட்டைக்கு நேராகப் பிடித்து விரலால் திருகி முதல் மரையை, அதாவது புரியின் முதல் சுற்றை, கவ்வவைத்துவிட்டால் போதும், மீதியை நீளமான ஸ்பேனர் அடியிலிருந்து பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த முதல் மரையை ஸ்பேனரால் ஏற்ற முடியாது. விரல்தான் வேண்டும். ஸ்டியரிங்கைக் கழற்றினால் கை போகும், அதற்குப் பொழுது சாய்ந்துவிடும்.

டிரைவரின் கை பனங்கிழங்குக் கட்டு மாதிரி இருக்கும். மணிக்கட்டோடு மாட்டிக்கொண்டது. ஸ்பேனரின் வாயில் கிரீசை அப்பி, அதில் போல்ட்டை ஒட்டி உள்ளே செலுத்திப் பார்த்தார். "பதறாத காரியம் சிதறாதுங்க" என்பார். சொல்லி வாய் மூடுவதற்குள் போல்ட்டு கீழே விழும். காருக்கடியில் தவழ்ந்துபோய்த் தேடி எடுப்பார். மறுபடியும் "பதறாத காரியம்..." என்பார். மறுபடியும் விழும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா தம் கையை விட்டுப் பார்த்தார். ஏர் பிடித்த கை, டிரைவர் கையைவிட மோசம்.

அப்புறம் எல்லோருக்கும் என் நினைவு வந்தது. "பாப்பா கை போகுமே!" என்று என்னைத் தூக்கி மட்கார்டின் மேல் படுக்கவைத்தார்கள். கை சரசரவென்று போனது. அடேயப்பா, எனக்கு வந்த பெருமை! ஆனால் தோள்வரை நுழைத்தும் விரல் ஓட்டையை எட்டவில்லை. எட்டாத கோபத்தில் இன்னும் எக்கினேன், கொதிக்கிற இரும்பில் விரல் பட்டது. நான் போட்ட கூச்சலில் புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன.

பக்கத்துக் கடலைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் என் கூச்சல் கேட்டு ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருத்தி நல்ல ஒல்லி. டிரைவர் முகம் மலர்ந்துவிட்டது. அவளுடைய கையைப் பார்த்தார். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்கள், மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு. அவற்றோடு கை நுழையாது, நுழைந்தாலும் உள்ளே உடைந்து கிழித்துவிடும்.

"வளையல மட்டும் கொஞ்சம் கழட்டிட்டு..." என்று ஆரம்பித்தார்.

"என்ன பேசுறீங்க? இது கழட்டுற வளையலா? உடைச்சாத்தான் வரும். எம் புருசன் அங்கிட்டு ஏர் ஓட்டிக்கிட்டு இருக்கான், நான் ரோட்டுல நின்னு வளையல உடைக்கவா?" என்று அவள் சீறினாள். மற்ற பெண்களும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அம்மாவைப் பார்த்து ஐயோ பாவம் என்றார்கள், ஒருத்தி ஓடிப்போய்ப் பானையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வளையலைப் பற்றிய பேச்சை மட்டும் அவர்கள் யாரும் கேட்கத் தயாராயில்லை.

டிரைவர் காரின் படியில் உட்கார்ந்துவிட்டார். "பாப்பா கை மாதிரி மெலிசா இருக்கணும். பெரியவங்க கை மாதிரி நீளமும் இருக்கணும். வளையல் இல்லாத கையா இருக்கணும்" என்றார். அதை யாரிடமும் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். அப்பா மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். களையெடுக்கிற பெண்கள் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். மரத்தடிப் பக்கம் மட்டும் ஒருவரும் திரும்பவில்லை. கண்ணெதிரே இருப்பது இத்தனை பெரியவர்களுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"எங்க அத்தை கையில வளையலே கிடையாதே!" என்று கத்தினேன்.

ஊரில் வேறு யார் வீட்டிலும் இல்லாத ஒரு பொருள் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்கிற குரலில் கத்தினேன். கெட்டிக்காரி என்று யாராவது முதுகில் தட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் தட்டவில்லை. களையெடுக்க வந்த ஒல்லிப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தைதான் முதலில் அசைந்தார். அம்மாவின் தலையைத் தன் மடியிலிருந்து மெதுவாக இறக்கிவைத்துவிட்டு எழுந்து வந்தார். "அக்கா, சூடு இன்னும் ஆறலக்கா" என்றார் அப்பா. அதை ஏன் மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஆறுற வரைக்கும் அவ வலி காத்திருக்குமா தம்பி? தள்ளு அங்கிட்டு."

வீட்டுக்கு ஆண்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றே பேசுகிறவர் அத்தை. அன்றைக்கு ரோட்டில், அத்தனை பேர் பார்க்க, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எஞ்சினின் மேல் கவிழ்ந்தார். கை நுழைந்தது. முழங்கை நுழைந்தது. "ஓட்டை கிடைச்சிருச்சு" என்று கையை வெளியே எடுத்தார். டிரைவர் துள்ளி எழுந்து, போல்ட்டில் கிரீசைத் தடவி அத்தையின் விரலில் ஒட்டிக் கொடுத்தார். கை உள்ளே போனதும் சூட்டில் கிரீஸ் இளகி, போல்ட்டு வழுக்கி விழுந்துவிட்டது.

"இது ஆகாது. பாப்பா, என் முந்தானையில இருக்கிற வெல்லத்தை எடு" என்றார் அத்தை. ஒரு துண்டு கடித்து, வாயிலேயே குழைத்து, போல்ட்டின் தலையில் அப்பி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு கையை மறுபடி உள்ளே விட்டார். "எஞ்சினுக்குப் பொங்கல் வைக்கிறீங்களா ஆத்தா?" என்று டிரைவர் அந்த நிலையிலும் சிரித்தார்.

"சிரிச்சது போதும். எந்தப் பக்கமாத் திருகணும்?"

"வலப்பக்கமா, ஆத்தா."

"எனக்கு வலமா, அதுக்கு வலமா?"

டிரைவர் விழித்தார். நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கோயில் சுத்துற பக்கமா ஆத்தா" என்றார் கடைசியில்.

"கோயில் சுத்தி ரொம்ப வருசமாச்சு" என்று சொல்லிக்கொண்டே அத்தை கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய உதடு மட்டும் அசைந்தது. உள்ளே விரல் என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மரத்தடியில் அம்மா அடக்கி அடக்கி முனகுவது மட்டும் கேட்டது. எனக்கு அப்போதுதான் முதல்முறையாகப் பயம் வந்தது.

"கவ்விருச்சு" என்றார் அத்தை.

"கையில சூடு படுதா ஆத்தா?" என்று கேட்டார் டிரைவர். "படாம இருக்குமா? அடுத்ததைக் கொடுங்க" என்றார். இரண்டாவது போல்ட்டு சுலபத்தில் வசப்படவில்லை. விரலை மாற்றினார், மூச்சை இழுத்துப் பிடித்தார், யாரையோ திட்டினார். போல்ட்டைத்தான் திட்டியிருக்க வேண்டும். அதுவும் கவ்வியது. கையை வெளியே எடுத்தபோது முழங்கைக்குக் கீழே தோல் வழன்று சிவந்திருந்தது. முந்தானையை அதன்மேல் இழுத்து விட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்போல அம்மாவிடம் போய் உட்கார்ந்தார்.

டிரைவர் அடியில் படுத்து ஸ்பேனரால் முடுக்கினார். முன்னால் வந்து கைப்பிடியைச் சுற்றியதும் கார் சமர்த்தாக உறுமியது, வெடிச் சத்தம் இல்லை, புகை இல்லை. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான் அப்பவே சொன்னேன்ல, பதறாத காரியம் சிதறாதுன்னு!" என்றாரே பார்க்கலாம். என் தம்பி சொல்லித் திரிகிற கதைக்கு விதை அங்கே விழுந்தது. அத்தை அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிற ஆளும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்திலேயே தம்பி பிறந்தான். எலிக்குஞ்சு மாதிரி இருந்தான். ஆனால் அழுதான், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி அழுதான். அப்பா அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து தாமும் அழுதார். "இன்னும் சித்த நேரம் தாமதிச்சு வந்திருந்தா ரெண்டு உசுரும் சந்தேகம்தான்" என்று நர்சம்மா சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அந்த எலிக்குஞ்சு இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்து, தொந்தியும் தொப்பையுமாக உட்கார்ந்து எனக்குக் கதை சொல்கிறான். சொல்லட்டும். அவன் உட்கார்ந்து பேசுகிற ஒவ்வொரு நாளும் அத்தை கொடுத்தது. அதற்குப் பின் அம்மா எனக்காக இருந்த வருஷங்களும் அத்தை கொடுத்ததுதான். சாமி கும்பிடும்போது நான் முதலில் நினைத்துக்கொள்வது அத்தையைத்தான், சாமி கோபித்துக்கொண்டாலும் சரி.

மறுநாள் காலை அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிரசவத்துக்கு முன் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றிய வளைகாப்பு வளையல்கள் ஒரு துணியில் முடிந்து பக்கத்தில் இருந்தன. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அந்த வளையல்களைப் பிரசவம் பார்த்தவளுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிரசவத்தில் கூட இருந்த ஆஸ்பத்திரி ஆயா அதற்காகவே அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டிருந்தாள். அம்மா முடிச்சை அவிழ்த்து, சிவப்பு வளையல்களை எடுத்து அவளிடம் கொடுத்தார். பச்சை வளையல்களை அத்தையின் பக்கம் நீட்டினார்.

"பிரசவம் பாத்தவங்களுக்குத்தானே இது. வாங்கிக்கங்க மதினி."

"கிறுக்கி. நான் இதை வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. யாரோ கூப்பிட்டதுபோல அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். யாரும் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தை அந்த வளையல்களை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். எப்படியும் அவை என்னிடம்தான் வந்து சேரும் என்ற நம்பிக்கையோடு நானும் பின்னாலேயே போனேன்.

அத்தை தூணோரம் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தார். என்னை ஓர் ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை. ஒரு வளையலை எடுத்து, காயம் படாத கையில் மாட்டினார். அமுக்கவோ திருகவோ வேண்டியிருக்கவில்லை, தானாகப் போய் மணிக்கட்டில் நின்றது. கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் கறுப்பாக இருந்தது. பிறகு கழற்றி, மற்றவற்றோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அளவு சரியா இருக்கா அத்தை?" என்று கேட்டேன்.

"சரியா இருக்குடி" என்றார்.

சரியாக இருக்கிற வளையலை யாராவது கழற்றுவார்களா என்று யோசித்துக்கொண்டே தம்பியைப் பார்க்க உள்ளே ஓடினேன்.